மன்றோ சிலையின் அடியில் நின்று
(மரக்காணத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)

சென்னைக்குப் போய் வராதவர்கள் நம் ஊரில் குறைவு. ஆஸ்பத்திரிக்கு, கோர்ட்டுக்கு, பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்க என்று ஏதோ ஒரு வேலையாகக் கோட்டைப் பக்கம் போயிருப்பீர்கள். அண்ணா சாலை முடிந்து கோட்டைக்குத் திரும்பும் இடத்தில், தீவுத்திடலை ஒட்டி, சாலைக்கு நடுவே உயர்ந்த பீடத்தில் ஒரு வெண்கலக் குதிரை நிற்கிறது. அதன்மேல் ஒரு வெள்ளைக்காரர் உட்கார்ந்திருக்கிறார். கண்டக்டருக்கும் ஆட்டோக்காரருக்கும் அது ஓர் அடையாளம், அவ்வளவுதான். பஸ் கடக்கும்போது ஒரு தரம் பார்ப்போம், அடுத்த நிமிஷம் மறந்துவிடுவோம். அந்தச் சிலையை நின்று பார்க்க வேண்டும் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன். உப்பு விளையும் ஊரில் வந்து ஒரு கவர்னர் சிலையைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று கேட்பீர்கள். நமக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கிறது.

முதலில் சிலையைப் பார்ப்போம். செய்தவர் ஃபிரான்சிஸ் சான்ட்ரி என்ற ஆங்கிலேயச் சிற்பி. லண்டனில் வார்த்து, கப்பலில் ஏற்றி அனுப்பினார்கள். 1839ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் தேதி திறந்தார்கள். மொத்தச் செலவும் மக்களிடம் வசூலித்த சந்தாப் பணம். எடை சுமார் ஆறு டன் என்பார்கள். அந்தக் காலத்தில் சென்னையில் துறைமுகம் கிடையாது. கப்பல் நடுக்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும், சாமான் எல்லாம் மசூலாப் படகில்தான் அலையைத் தாண்டிக் கரைக்கு வரும். தைத்த பலகைப் படகு அது. கடலோரத்தில் பிறந்த உங்களுக்கு அந்த வேலை எப்பேர்ப்பட்டது என்று நான் விளக்கத் தேவையில்லை.

குதிரை ஓடவில்லை, பாயவில்லை, அசையாமல் நிற்கிறது. சவாரி செய்பவரின் காலைப் பாருங்கள். கால் வைக்க அங்கவடி இல்லை. பூட்ஸ் போட்ட இரண்டு கால்களும் குதிரையின் விலாவை ஒட்டி வெறுமனே தொங்குகின்றன. ஒழுங்கான சேணமும் இல்லை. இதைப் பார்த்துவிட்டு ஊரில் ஒரு கதை கட்டினார்கள்: சிற்பி அங்கவடியை மறந்துவிட்டாராம், தப்பு தெரிந்ததும் தற்கொலை செய்துகொண்டாராம். அதில் உண்மை இல்லை. சான்ட்ரி 1841இல் இதய நோயால் இறந்தார். அவர் செய்த பெரிய குதிரைச் சிலைகள் மூன்று. லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் நான்காம் ஜார்ஜ் மன்னர், லண்டன் நகரின் ராயல் எக்ஸ்சேஞ்ச் கட்டடத்துக்கு முன்னால் வெலிங்டன் பிரபு, சென்னையில் மன்றோ. மூவருக்குமே அங்கவடி கிடையாது. பழைய ரோமானியப் பேரரசர்களின் குதிரைச் சிலைகளிலும் அங்கவடி இல்லை. அந்தச் சாயலை வேண்டுமென்றே கொடுத்திருக்கிறார். அதாவது, ஸ்காட்லாந்திலிருந்து பிழைப்புக்கு வந்த ஒரு கிழக்கிந்தியக் கம்பெனி சிப்பந்தியை ரோமச் சக்கரவர்த்தியின் இருக்கையில் உட்கார வைத்துவிட்டார் சிற்பி. சிலையைப் பார்க்கும்போது முதலில் மனதில் வாங்க வேண்டியது இது.

யார் இந்த தாமஸ் மன்றோ? கிளாஸ்கோ வியாபாரியின் மகன். அப்பா வியாபாரம் நொடித்ததால், 1780 ஜனவரியில், பத்தொன்பது நிறையாத வயதில், காலாட்படையில் கத்துக்குட்டி வீரராகச் சென்னையில் வந்து இறங்கினார். அதே வருஷம் செப்டம்பரில் பொள்ளிலூரில் ஹைதர் அலியும் திப்புவும் ஆங்கிலேயத் தளபதி பெய்லியின் படையை அழித்தார்கள். காஞ்சிபுரத்தில் இருந்த ஹெக்டர் மன்றோவின் படை பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்கு ஓடியது. அந்த ஓட்டத்தில் இந்த இளைஞரும் ஒருவர். பெயர் ஒன்றாக இருக்கிறதே என்று குழம்ப வேண்டாம், ஹெக்டர் வேறு, தாமஸ் வேறு. அடுத்த வருஷம் பரங்கிப்பேட்டைச் சண்டை, 1783இல் கடலூர் முற்றுகை. நம் கரையை ஒட்டித்தான் அந்தப் படைகள் எல்லாம் மேலும் கீழும் நடந்திருக்கின்றன. இங்கிருந்து வடக்கே கடப்பாக்கத்தில் இடிந்து கிடக்கிறதே ஆலம்பரைக் கோட்டை, அது பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்து 1760இல் ஆங்கிலேயர் பிடித்து உடைத்தது. சிலையில் அமைதியாக உட்கார்ந்திருக்கும் மனிதரின் இளமை இந்தப் புழுதியில்தான் கழிந்தது.

பிறகு பாராமகால், அதாவது இன்றைய சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம், நிலத்தை அளந்து வரி போடும் வேலையில் ஏழு வருஷம். பிறகு கன்னட நாட்டுக் கடற்கரை. 1800 முதல் 1807 வரை இன்றைய ராயலசீமா. ஜமீன்தார் நடுவில் இல்லாமல் உழவனோடு அரசு நேரே கணக்கு வைத்துக்கொள்ளும் ரயத்துவாரி முறையை நிலைநிறுத்தியவர் அவர். இன்று உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் பட்டா இருக்கிறது என்றால் அதன் வேர் அங்கே போகிறது. கூடாரத்தில் தங்கி, குதிரைமேல் ஊர் ஊராகப் போய், பாரசீகமும் கன்னடமும் கற்றுக்கொண்டு வேலை பார்த்தவர். வரிச்சுமையைக் கால்பங்கு குறைக்க வேண்டும் என்று 1807இலேயே எழுதினார். இந்தியர்களை உயர்ந்த உத்தியோகங்களில் வைக்காமல் ஒரு நாட்டை ஆள்வது அந்த மக்களைக் கீழ்மைப்படுத்தும் என்றும் எழுதினார். 1827 ஜூலை 6ஆம் தேதி, சுற்றுப்பயணத்தில் பத்திகொண்டாவில் காலரா கண்டு இறந்தபோது அந்தச் சீமையில் ஜனங்கள் உண்மையாகவே அழுதார்கள். மந்திராலயத்தில் ராகவேந்திர சுவாமி அவருக்குக் காட்சி கொடுத்தார் என்று இன்றும் பக்தர்கள் சொல்கிறார்கள். திருப்பதிக் கோயிலில் அவர் பெயரால் ஒரு நைவேத்தியக் கட்டளையும் உண்டு. வெள்ளைக்கார அதிகாரிகளில் இத்தனை மரியாதை பெற்றவர்களை விரல்விட்டு எண்ணலாம். இதை நான் மறைக்கமாட்டேன்.

ஆனால் அதே ராயலசீமாவில் எண்பது பாளையக்காரர்கள் வரை அடக்கி ஒடுக்கியவரும் அவர்தான். சென்னைக் கவர்னரான பிறகு, அயலார் ஆட்சியும் சுதந்திரமான பத்திரிகையும் ஒரே இடத்தில் நிலைக்க முடியாது என்று 1822இல் எழுதி வைத்தவரும் அவர்தான். நல்லவரா கெட்டவரா என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லச் சொன்னால் எனக்கு வராது. அவர் நல்ல மனிதர், அவர் தாங்கிப் பிடித்த ஆட்சி அநியாயமானது. இரண்டையும் சேர்த்தேதான் சொல்ல வேண்டும்.

உழவனுக்குப் பட்டா கிடைத்த அதே காலத்தில் உப்பு காய்ச்சுகிறவனுக்கு என்ன கிடைத்தது? 1805இல், பென்டிங்க் கவர்னராக இருந்தபோது, சென்னை ராஜதானி முழுவதும் உப்பைக் கம்பெனியின் ஏகபோகமாக்கினார்கள். அளத்தில் விளைந்ததை அரசிடம் அரசு சொன்ன விலைக்குத்தான் கொடுக்க வேண்டும். மற்றவருக்கு விற்றால் குற்றம். மன்றோ கவர்னராக இருந்த ஏழு வருஷமும் அந்த ஏகபோகம் அப்படியே இருந்தது. அளத்துக்காரருக்கு ரயத்துவாரி வரவில்லை. நம் பூமீசுவரர் கோயில் கல்வெட்டுகளில் சோழர் காலத்து உப்பளங்கள் பேசப்படுகின்றன. அத்தனை பழைய தொழில் இது. மன்றோ சிலையை நம் ஊர்க்காரர் பார்க்கும்போது இந்தக் கணக்கும் மனதில் இருக்க வேண்டும்.

இனி நான் அதிகம் பேச விரும்பும் விஷயத்துக்கு வருகிறேன். குதிரைமேல் வைக்கப்பட்டவர் உழவர் பாதுகாவலராகப் பெயர் எடுத்தவர். ஆனால் குதிரையும் ராணுவ உடையும் போரைச் சொல்கின்றன. எந்தப் போர்?

1824இல் பர்மாவோடு சண்டை மூண்டது. வயதாகிவிட்டது, ஊருக்குப் போகிறேன் என்று ராஜினாமா எழுதியிருந்த மன்றோ, போர் வந்ததால் தங்கிவிட்டார். அந்தப் போரின் பாரத்தில் பெரும்பங்கு சென்னையின்மேல் விழுந்தது. வங்காளப் படையின் சிப்பாய்களில் பலர் கடல் தாண்ட மாட்டோம் என்றார்கள். அந்த வருஷம் நவம்பரில் பாரக்பூரில், பர்மாப் போருக்குப் புறப்பட மறுத்த ஒரு படைப்பிரிவின்மேல் கம்பெனியே பீரங்கி வைத்துச் சுட்டது. சென்னைச் சிப்பாய்கள் கப்பல் ஏறினார்கள். தமிழர், தெலுங்கர், முஸ்லிம்கள். மற்றப் படைகளைப் போல அல்லாமல், சென்னைப் படையில் சிப்பாய் பெண்டாட்டி பிள்ளைகளோடுதான் பாளையத்தில் குடியிருப்பான். அந்தக் குடும்பங்களைக் கரையில் விட்டுவிட்டு 1824 ஏப்ரலில் கப்பல்கள் புறப்பட்டன. அந்தமானில் வங்காளத்துக் கப்பல்களோடு சேர்ந்துகொண்டு, மே 11ஆம் தேதி ரங்கூனைப் பிடித்தார்கள்.

பிடித்த ஊரில் மனிதர் இல்லை. பர்மியர் தானியத்தையும் மாட்டையும் ஓட்டிக்கொண்டு காட்டுக்குள் போய்விட்டார்கள். மழை ஆரம்பித்துவிட்டது. அங்கே மழை என்றால் ஐப்பசியில் நம் பாத்தி கரையும் மழையைப் போல மூன்று மடங்கு. முன்னேறவும் முடியவில்லை, திரும்பவும் முடியவில்லை. அரிசி கெட்டது, இறைச்சி கெட்டது, காய்ச்சலும் பேதியும் வந்தது. சென்னையிலிருந்து மன்றோ அரிசியும் ஆளும் மாடும் அனுப்பிக்கொண்டே இருந்தார். 1826 பிப்ரவரி 24இல் யந்தபோவில் உடன்படிக்கை எழுதி முடிக்கும் வரை, போன நாற்பதாயிரம் பேரில் சுமார் பதினைந்தாயிரம் பேர் செத்தார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். வெட்டுப்பட்டும் குண்டுபட்டும் செத்தவர்கள் கொஞ்சம் பேர், நோயில் செத்தவர்களே அதிகம். போரை நடத்திக் கொடுத்ததற்காக 1825இல் மன்றோவுக்குப் பாரனெட் பட்டம் கிடைத்தது. குதிரையில் அமர்ந்திருப்பது அந்தப் பட்டம் பெற்ற மேஜர் ஜெனரல்.

பீடத்தைச் சுற்றி வாருங்கள். அந்தச் சிப்பாய்களில் ஒருவர் பெயர்கூட இல்லை. முனுசாமி இல்லை, சையத் இல்லை, வெங்கடு இல்லை. ரங்கூன் சேற்றில் புதைந்தவர்களின் கட்டைவிரல் அளவு நினைவுகூட இந்த ஆறு டன் வெண்கலத்தில் கிடையாது.

அந்தக் காலத்து வழக்கம் அது, இன்றைய கண்ணால் குற்றம் சொல்லக் கூடாது என்று சிலர் சொல்வார்கள். நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். நமக்கு அதைவிட நல்ல வழக்கம் அதற்கு ஆயிரம் வருஷம் முன்பே இருந்தது. செங்கம் பக்கம் போய்ப் பாருங்கள். திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை போய், அங்கிருந்து கொஞ்சதூரம்தான். பல்லவர் காலத்து நடுகற்கள் வயலோரத்திலும் ஏரிக்கரையிலும் நிற்கும். மாடு பிடிக்க வந்தவர்களை எதிர்த்துச் செத்த சாதாரண ஆள், அவன் பெயர், அவன் யாருடைய சேவகன், எந்த ஊர்ச் சண்டை, எந்த ராஜாவின் எத்தனையாவது ஆண்டு, எல்லாம் கல்லில் இருக்கும். ராஜாவின் பெயர் ஆண்டைக் குறிக்க மட்டும்தான். கல் அந்தச் சேவகனுக்கு. எடுத்தனூரில் ஒரு கல் உண்டு. முதலாம் மகேந்திரவர்மன் காலத்தது. கருந்தேவக்கத்தி என்ற வீரன் வில்லும் வாளுமாக நிற்கிறான், பக்கத்தில் அவன் நாய். நாயின் பெயர் கோவிவன். எஜமானன் விழுந்த பிறகு இரண்டு கள்வர்களைக் கடித்துக் காத்து நின்ற செய்தியைக் கல்லிலே எழுதி வைத்திருக்கிறார்கள். நாய்க்குப் பெயர் வெட்டிய நாடு இது. கல்லைத் தேர்ந்தெடுப்பதிலிருந்து படையல் போட்டு வாழ்த்துவது வரை நடுகல் எடுக்கும் படிகளைத் தொல்காப்பியம் வரிசையாகச் சொல்கிறது. ஒரு சாதாரண மனிதனின் சாவுக்கு ஊரே கூடி இத்தனை செய்திருக்கிறது.

குதிரை என்றதும் நம் மாவட்டத்தில் எல்லோர் வாயிலும் வருகிற பெயர் தேசிங்கு ராஜன். செஞ்சிக் கோட்டைத் தலைவன் சொரூப்சிங்கின் மகன். ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் பாக்கி வரிக்காகப் படையெடுத்து வந்தபோது, 1714 அக்டோபரில், இருபதைத் தாண்டிய வயதில் களத்தில் இறந்தான். ஆண்ட காலம் ஒரு வருஷம்கூட இல்லை. ஆனால் கதைப்பாட்டைக் கவனியுங்கள். அதில் தேசிங்கு தனியாக வருவதில்லை. கல்யாணப் பந்தலை விட்டு எழுந்து வந்த நண்பன் மகமத்கான் வருகிறான், நீலவேணிக் குதிரை வருகிறது, உடன்கட்டை ஏறிய மனைவி வருகிறாள். செஞ்சிக்குப் பக்கத்தில் நீலாம்பூண்டியில் நண்பனுக்கும் குதிரைக்கும் சமாதி என்று மக்கள் காட்டுகிறார்கள். இந்து ராஜாவுக்காக முஸ்லிம் நண்பன் செத்ததைத் தெருக்கூத்திலும் பாட்டிலும் முந்நூறு வருஷமாகப் பாதுகாத்திருப்பவர்கள் படிப்பறியாத கிராமத்து ஜனங்கள். வெண்கலத்தால் செய்ய முடியாததை அவர்கள் பாட்டால் செய்தார்கள்.

மேலே இருப்பவர் பெயர் மட்டும் மிஞ்சும் வழக்கத்துக்கு நம் ஊரிலேயே ஓர் அத்தாட்சி இருக்கிறது. பக்கிங்காம் கால்வாய். ஆந்திரத்திலிருந்து சென்னை வழியாக வந்து நம் மரக்காணத்தில் முடிகிற நீர்வழி. இங்கே விளைந்த உப்பு படகில் அதன்வழியே போன காலம் இந்த ஊர்ப் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். 1876 முதல் 1878 வரை நடந்த தாது வருஷப் பஞ்சத்தில், சென்னை நகருக்குள் வடக்கு, தெற்குக் கால்வாய்களை இணைக்கும் பகுதியைப் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டினார்கள். எலும்பும் தோலுமாக வந்தவர்கள் கூடை சுமந்து வெட்டியது. பெயர் வைத்தது கவர்னர் பக்கிங்காம் பிரபுவுக்கு. கூடை சுமந்தவர்கள் யார் யார் என்று எந்தக் கல்லும் சொல்லவில்லை.

சரி, மன்றோ சிலையை அகற்றிவிடலாமா? அப்படிச் செய்த முன்னுதாரணம் சென்னையில் உண்டு. 1857 கலகத்தில் அலகாபாத்திலும் கான்பூரிலும் கொடுமைகள் செய்த கர்னல் நீலுக்கு மவுண்ட் ரோட்டில் சிலை இருந்தது. 1927இல் அதை எடுக்கச் சொல்லித் தொண்டர்கள் சத்தியாக்கிரகம் செய்தார்கள். திருநெல்வேலி சோமயாஜுலு தலைமை தாங்கினார், இளைஞராக இருந்த காமராஜர் ஆள் திரட்டி அனுப்பினார். கோடாரியும் சுத்தியலும் எடுத்துப் போய்ச் சிறைக்குப் போனவர்கள் பலர். 1937இல் ராஜாஜி மந்திரிசபை வந்ததும் சிலை இறங்கியது, பிறகு எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனது. அந்த முடிவு சரி. குற்றமற்றவர்களைத் தூக்கிலிட்டு, ரத்தத்தை நக்கித் துடைக்க வைத்த ஒருவனுக்கு நடுத்தெருவில் மரியாதை இருக்கக் கூடாது.

மன்றோ நீல் அல்ல. அவர் நிற்கட்டும் என்றே நான் சொல்வேன். அங்கவடி இல்லாத அந்தக் கால்களும், நின்ற நிலையில் மூச்சு விடுவதுபோல் தெரிகிற அந்தக் குதிரையின் கழுத்தும் நல்ல கைவேலை. நல்ல கைவேலையை உடைப்பதில் எனக்குச் சம்மதம் இல்லை. சிலையை எடுத்துவிட்டால் அந்தச் சிப்பாய்களைப் பற்றிப் பேச இருக்கிற ஒரே இடமும் போய்விடும்.

செய்ய வேண்டியது வேறு. உலகத்தில் ராணுவ நினைவுச் சின்னங்களின் வழக்கம் மாறி நூறு வருஷம் ஆகிறது. முதல் உலகப்போரில் 1917இல் போர்க் கல்லறைகளுக்கென்று ஒரு ஆணையம் அமைத்தார்கள். ஜெனரல் என்றும் சிப்பாய் என்றும் பேதமில்லாமல் செத்தவர் ஒவ்வொருவருக்கும் பெயர் வெட்ட வேண்டும் என்பது அதன் விதி. அந்த விதியைக்கூட ஆப்பிரிக்காவிலும் மெசொப்பொத்தேமியாவிலும் செத்த இந்தியர்களுக்கும் ஆப்பிரிக்கர்களுக்கும் முழுமையாகக் கடைப்பிடிக்கவில்லை என்று 2021இல் அந்த ஆணையமே ஒப்புக்கொண்டு அறிக்கை வெளியிட்டது. ஆனாலும் இன்று ரங்கூனுக்கு வெளியே தௌக்யன் என்ற இடத்தில், இரண்டாம் உலகப்போரில் பர்மாவில் செத்து உடல் கிடைக்காத ஏறக்குறைய 27,000 பேரின் பெயர்கள் கல்தூண்களில் இருக்கின்றன. நம்மவர் பெயர்களும் அதில் உண்டு. அதே மண்ணில் 1824இல் செத்த சென்னைச் சிப்பாய்களுக்கு ஒரு வரி இல்லை.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். மன்றோ சிலையின் பீடத்துக்கு அருகில், தமிழிலும் தெலுங்கிலும் உருதுவிலும், 1824 முதல் 1826 வரை பர்மாவுக்குப் போய்த் திரும்பாத சென்னைப் படைச் சிப்பாய்களுக்கும், படையோடு போன கூலிகளுக்கும், மாடோட்டிகளுக்கும் ஒரு கல் நட வேண்டும். பெரிய செலவு வேண்டாம். மார்பளவு உயரத்துக்கு ஒரு கருங்கல் போதும், செங்கத்தில் நிற்பது போல. சென்னை ஆவணக்காப்பகத்தில் அந்தப் போரின் ராணுவக் கடிதக்கட்டுகள் இருக்கின்றன. எந்தப் படைப்பிரிவுகள் கப்பல் ஏறின என்பது எழுத்திலேயே உண்டு. தேடினால் பெயர்களும் கொஞ்சம் கிடைக்கும். கிடைத்த பெயர்களை வெட்டலாம். கிடைக்காதவர்களுக்குப் படைப்பிரிவின் எண்ணை வெட்டலாம்.

இங்கே வரலாறு படிக்கிற கல்லூரிப் பிள்ளைகள் நாலைந்து பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆவணக்காப்பகம் எழும்பூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில்தான். கல்லூரியிலிருந்து கடிதம் வாங்கிக்கொண்டு போனால் ஆய்வுக்கு அனுமதிப்பார்கள். உங்களில் ஒருவர் ராணுவத் துறைக் கட்டுகளைப் பாருங்கள், ஒருவர் உப்புக் கட்டுகளைப் பாருங்கள், 1805க்குப் பிறகு இந்தக் கரையில் எந்த அளத்தில் என்ன நடந்தது என்று. மனு எழுதும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன். கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் இருங்கள், பேப்பர் கொண்டுவந்திருக்கிறேன்.